கடலுக்கு உப்பு வாங்கிய வருடம்

கோலா சிலாங்கூர் கடைத்தெருவில் என்னைக் கண்டால் இன்றைக்கும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “என்ன கிராணி, கடலுக்கு உப்புப் பத்துதா? இன்னும் ரெண்டு மூட்டை போடட்டுமா?” நான் சிரித்துக்கொண்டே நடந்துவிடுவேன். பெருந்தன்மை ஒன்றும் கிடையாது. திட்டினால் இன்னும் நாலு பேர் கூடுவார்கள், அவர்களுக்கும் கதை தெரிந்துபோகும்.

கதை சின்னதுதான். மலாயாவில் வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளோடு சண்டையிட்ட அவசரகாலத்தில், ஒரு பிடி உப்பை மடியில் முடிந்து வைத்திருந்தாலே காட்டுக்குள் ஒளிந்திருந்த அந்தக் காட்டுக்காரர்களுக்குக் கொண்டுபோகிறாய் என்று பிடித்துக்கொண்டிருந்த நாளில், நான் ஒரு லோரி நிறைய உப்பு வாங்கினேன். அதுவும் கடலோரத்தில் இருந்த அலுவலகத்துக்கு, அரசாங்கப் பணத்தில். பைத்தியக்காரத்தனம் என்பீர்கள். அரசாங்கத்தில் அதற்கு நிர்வாகம் என்று பெயர்.

அப்போது நான் கடல் ஆராய்ச்சி இலாகாவில் கிராணி, அதாவது குமாஸ்தா. இலாகா என்றதும் தூண் வைத்த கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆற்று முகத்துவாரத்தில் தகரக் கூரை போட்ட பலகை வீடு, சேற்றுக்குள் நீண்டு கிடக்கும் படகுத்துறை, இருமிக்கொண்டே ஓடும் எஞ்சின் படகு ஒன்று. ஆட்கள் என்று பார்த்தால் ஒரு வெள்ளைக்காரத் துரை, படகை ஓட்டும் மலாய்க்காரர், நான். கடல் தண்ணீரில் எவ்வளவு உப்பு, எவ்வளவு சூடு, எவ்வளவு சேறு என்று துரை அளப்பார். மீன் பிடித்து, மருந்துத் தண்ணீர் ஊற்றிப் பாட்டிலில் அடைப்பார். இதற்கெல்லாம் பணம் வாங்குவதும் வாங்கிய பணத்துக்குக் கணக்கு எழுதுவதும் என் வேலை. அந்த இலாகாவில் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதுவரை ஒரு நாள்கூடப் படகில் ஏறியதில்லை. எனக்குத் தண்ணீரைக் கண்டால் பயம்.

எங்களை விரும்பிய ஒரு ஜீவன் அந்த வட்டாரத்தில் கிடையாது. மீனைக் கணக்கெடுத்து வரி போடப்போகிறோம் என்று மீனவர்கள் காறித் துப்பினார்கள். போலீஸ் துரைக்கு எங்கள் படகின் மேல் கண். “மீனுக்குப் பின்னால சுத்துற படகு, மனுசங்களுக்குப் பின்னால சுத்தட்டும்” என்று போகிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் கடல் துரை அவரைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். இவர்களையெல்லாம் விட எனக்குப் பெரிய எதிரி என் மாமனார்.

மாமனார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி. இந்த வேலைக்கு வருமுன் அவருக்குக் கீழே சின்னக் கிராணியாக இருந்தவன் நான். மருமகனாக இருப்பது ஒரு வேலை, சின்னக் கிராணியாக இருப்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே சம்பளம். காலையில் ஆபீசில் திட்டுவார், சாயங்காலம் வீட்டில் அதே திட்டைச் சுடவைத்துப் பரிமாறுவார். தப்பித்து அரசாங்க உத்தியோகத்துக்கு ஓடிவந்ததை அவர் மன்னிக்கவே இல்லை. பார்க்கும்போதெல்லாம், “என்ன மாப்ளே, கடல் இந்த வாரம் எவ்வளவு ஒசரம் வளந்துச்சு?” என்பார்.

இலாகாவை மூடினால் எனக்குப் போக்கிடம் அவர் காலடிதான். அந்த வருடக் கடைசியில் இலாகாவை மூடிவிடுவார்கள் போலிருந்தது.

காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. கோலாலம்பூரில் எங்கள் கணக்கைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். கறாரான மனிதர். பார்மலின் மருந்தைக் கொண்டுவரும் கப்பல் வராததால், மீன் பதப்படுத்தும் தலைப்பில் ஒதுக்கிய பணம் அப்படியே கிடந்தது. அதை அவர் மோப்பம் பிடித்துவிட்டார்.

“ஐசே, உம்மட பதப்படுத்தல் தலைப்பில காசு கிடக்குது. ஏன் செலவழிக்கேல்லை?”

“மருந்து வரலைங்க ஐயா. கப்பல் வந்து...”

“கப்பல் கதை எனக்கு வேண்டாம். செலவழிக்காத காசு தேவையில்லாத காசு. டிசம்பர் முடிய மிச்சம் இருந்தா, வாற வருசம் எல்லாத்தையும் இழுத்து மூடிப்போடுவன்.”

“கடலையாங்க ஐயா?”

பயம் வந்தால் எனக்கு நாக்கு நிற்காது. மூளை எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது நாக்கு ரோட்டுக்கே போய்விடும்.

“கந்தோரை!” என்று கத்தினார். அவர்கள் பேச்சில் அலுவலகத்துக்கு அதுதான் பெயர்.

“படகு எஞ்சின் இருமுதுங்க. அந்தக் காசை அதுக்குப் போட்டா...”

“எஞ்சின் வேற தலைப்பு. ஒரு தலைப்புக் காசை இன்னொரு தலைப்பில தொட்டா உம்மட கை போயிடும்.” வைத்துவிட்டார்.

செலவுத் தலைப்பை எடுத்துப் பார்த்தேன். ‘பதப்படுத்த மருந்து, உப்பு முதலியன’ என்று இருந்தது. உப்பு! நான் தோட்டத்தில் பழகிய கிராணி. வருடம் முடிவதற்குள் ஸ்டோரை உத்தரம் வரைக்கும் நிரப்பிவிட வேண்டும், காலி ஸ்டோரைக் கண்டால் கொம்பெனி அடுத்த வருடம் கையைச் சுருக்கிவிடும் என்பது தோட்டத்துக் கிராணிமார்களின் வேதம். ரத்தத்தில் ஊறிப்போன பாடம். இருந்த பணம் முழுவதுக்கும் உப்பு என்று எழுதி, கடல் துரையிடம் நீட்டினேன். மீனின் செவுளைத் தவிர வேறெதையும் உற்றுப் பார்க்காதவர் அவர். படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்த பாயிடம் போனேன். நாகூர்ப் பக்கத்து ஆள். கணக்குத் தாளை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் முறை படித்தார்.

“கிராணியாரே, வாசல்ல நிக்கிற கடலை எட்டிப் பாத்தீங்களா?”

“பாத்தேன் பாய்.”

“அதுல என்ன இருக்கு?”

“அது ஆராய்ச்சிக்கு பாய். இது பதப்படுத்த.”

“யா அல்லா. நான் விக்கிறேன், எனக்கென்ன. பெர்மிட்டு மட்டும் நீங்க எடுத்துருங்க. என்னைய உள்ள தள்ளிட்டா ஊருக்குக் கப்பல் ஏத்திருவானுங்க.”

பெர்மிட் எடுத்தேன். மாவட்ட அலுவலகத்தில் ‘மீனுக்கு’ என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். கிள்ளானில் பாயின் கிட்டங்கியில் மூட்டைகளை ஏற்றி, ஊரடங்கு விலகியதும் லோரி புறப்பட்டது. டிரைவர் பக்கத்தில் நான். காப்பார் தாண்டி, ஜெராம் தாண்டி, மாமனார் தோட்டத்து முகப்பு வரைக்கும் நான் ஒரு மந்திரியைப் போலத்தான் வந்தேன்.

தோட்டத்து முள்கம்பி வாசலை ஒட்டிச் சாலையில் போலீஸ் தடுப்புப் போட்டிருந்தார்கள். வாசலில் புல்வெட்டுக்குப் போகும் பெண்கள் வரிசையாக நின்றார்கள். காட்டுக்காரர்களுக்குப் போய்ச் சேராமலிருக்க, வெளியே போகிறவர் கையில் சோறு, சர்க்கரை, உப்பு எதுவும் இருக்கக் கூடாது. தூக்குச்சட்டியைத் திறந்து, முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் வேலைக்காட்டுக்குப் போக வேண்டும். பெரிய கிராணி என்ற முறையில் மாமனார் பக்கத்தில் நின்று ஆள்பேர் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் லோரி நின்ற நேரத்தில் ஒருத்தி முந்தானை முடிச்சில் கொஞ்சம் உப்பு அகப்பட்டது. தடுப்பில் நின்ற போலீஸ் சார்ஜன் அதை அவிழ்த்துத் தரையில் கொட்டிக் காலால் தேய்த்தார்.

“அட்டைக்குங்க” என்றாள் அவள். “பள்ளக்காட்டுல கால வச்சா முழங்கால் மட்டும் ஏறுது. உப்பு வச்சாத்தான் விடுது.”

“அட்டைக்கு உப்புப் போட்டு ஊட்டப்போறியா?” என்றார் மாமனார். “போ, போ. ஒன்னால எல்லாருக்கும் தாமசம்.”

அந்த நேரம் பார்த்து ஒரு போலீஸ்காரர் எங்கள் லோரியின் மூட்டை ஒன்றில் இரும்புக் கம்பியைச் செருகி இழுத்தார். உப்பு சரசரவென்று சாலையில் கொட்டியது. வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் கொட்டிய உப்பைப் பார்த்தாள், அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் டிரைவருக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். டிரைவர் ஒல்லி.

“துங்கு!” என்று சார்ஜன் கையைக் காட்டினார். மலாயில் ‘பொறு’ என்று அர்த்தம். நான் எங்கே போவது?

“யாரு, நம்ம மாப்ளையா?” மாமனார் குரல் இனித்தது. “என்ன மாப்ளே, காட்டுக்கா, கடலுக்கா?”

“கடலுக்குத்தான் மாமா.”

“ஏன், அங்க தீந்துபோச்சா?”

பெண்கள் சிரித்தார்கள். அட்டைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. “எங்களுக்கு ஒரு கல்லு இல்ல” என்றாள், யாரிடமும் சொல்லாதவள் போல, எல்லோருக்கும் கேட்கும்படி. “இவுகளுக்கு லோரில வருது.”

பெர்மிட்டைக் காட்டினேன். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போலீஸ் துரையின் ஜீப் வந்து நின்றது. பெர்மிட்டைப் படித்ததும் அவர் முகத்தில் தீபாவளி. இனித் துரைமார்கள் பேசியதையெல்லாம் தமிழிலேயே எழுதுகிறேன். நான் பேசிய ஆங்கிலத்தை எந்த மொழியிலும் எழுத முடியாது.

“உப்பைக் கொண்டுபோகத்தான் இதுல அனுமதி. எங்க வைக்கப்போற?”

“ஆபீசுல, துரை.”

“அங்க முள்வேலி இருக்கா?”

இல்லை. முந்திய வருடம் வேலிக்குப் பணம் கேட்டிருந்தோம். கடலுக்கு எதற்கு வேலி என்று யாழ்ப்பாணத்துக்காரர் அந்தத் தலைப்பையே வெட்டிவிட்டார்.

“வேலி இல்லாத இடத்துல இவ்வளவு உப்பு ஒரு ராத்திரி தங்கக் கூடாது. சட்டம்” என்றார் போலீஸ் துரை. “வா, உன் துரையையும் பாத்துட்டே பறிமுதல் பண்றேன்.”

ஜீப் முன்னால், லோரி பின்னால். முகத்துவாரம் வரைக்கும் நான் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். பறிமுதல் ஆனால் வாங்கியது செல்லாது. வாங்கியது செல்லாவிட்டால் தலைப்பில் பணம் மறுபடி முளைக்கும். பணம் மிஞ்சினால் இலாகாவை மூடுவார்கள். படகு போலீசுக்கு. நான் மாமனாருக்கு. என்னை விடப் படகுக்கு நல்ல வாழ்க்கை.

கடல் துரை படகுத்துறையில் முழங்கால் சேற்றோடு நின்றிருந்தார். லோரியைப் பார்த்தார்.

“இது என்ன?”

“உங்க உப்பு” என்றார் போலீஸ் துரை. “நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இன்னிக்கு ராத்திரி இது இங்க இருக்கக் கூடாது. அதனால நான்...”

“ராத்திரி இருக்காது துரை!” என்று யாரோ கத்தினார்கள். குரல் என்னுடையது. “இன்னைக்கே கடல்ல போடத்தான் வாங்கினோம்!”

படகோட்டி வாயிலிருந்த சுருட்டை எடுத்தார். கடல் துரை என்னைப் பார்த்த பார்வையை நான் முன்பு ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத மீன் ஒன்று வலையில் வந்தபோது. இது உயிரோடு இருக்க வேண்டிய ஜந்துதானா என்று யோசிக்கும் பார்வை.

“கடல்ல உப்பு போடுறீங்களா?” என்றார் போலீஸ் துரை, வாயெல்லாம் சிரிப்பாக.

அந்தச் சிரிப்புத்தான் என்னைக் காப்பாற்றியது. கடல் துரைக்கு என்மேல் இருந்த கோபம் பெரியது. போலீஸ் துரைமேல் இருந்த வெறுப்பு அதைவிடப் பழையது.

“ஆமா” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. “ஆத்துத் தண்ணி கடல்ல கலக்கிற இடத்துல உப்பு கூடினா எப்படிப் பரவுதுன்னு பாக்கப்போறோம். உங்களுக்குப் புரியாது.”

“அப்ப நானும் வந்து புரிஞ்சுக்கிறேன். ஒரு மூட்டை மிஞ்சினாலும் உங்க கிராணி எங்கூட வரணும்.”

இப்படியாக, தண்ணீரைக் கண்டால் பயப்படும் நான், மூன்று வருடம் கழித்து முதன்முதலாகப் படகேறினேன். மூட்டைமேல் உட்கார்ந்து இன்னொரு மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். உப்பு மூட்டை கடலில் மிதக்காது என்பது அப்போது தோன்றவில்லை. படகோட்டி மூட்டைகளை அவிழ்த்துக் கவிழ்த்தார். காற்று எதிரே அடித்து, பாதி உப்பு கடலுக்கும் மீதி எங்கள் கண்ணுக்கும் போனது. போலீஸ் துரையின் மடிப்புக் கலையாத சீருடை கருவாட்டுத் தோலாக மாறியது. கடல் துரை கோபத்தோடு ஒரு பாட்டிலை இறக்கித் தண்ணீர் மொண்டார். பிறகு உண்மையிலேயே ஆர்வம் வந்து, “இன்னொரு மூட்டை! இந்தப் பக்கம்!” என்று கத்த ஆரம்பித்தார். நான் என் பங்குக்குக் காலையில் தின்றதையெல்லாம் ஆராய்ச்சிக்குக் கொடுத்தேன்.

சுற்றிலும் மீன்பிடிப் படகுகள் வலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தன.

“கிராணி, கடல் சப்புன்னு இருந்துச்சா?” என்று கேட்டார் படகோட்டி, மலாயில், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

இப்படி இரண்டு நடை அடித்தோம். இரண்டாம் நடையில், மூட்டையெல்லாம் காலியானபின் எஞ்சின் மூன்று தடவை இருமி நின்றுபோனது. படகோட்டி அடியிலிருந்து துடுப்புகளை எடுத்து, ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றதை நீட்டினார். கடல் துரை பாட்டில்களை அணைத்துக்கொண்டிருந்தார். நான் மல்லாந்து கிடந்தேன். வேறு கை இல்லாததால் துடுப்பு போலீஸ் துரைக்குப் போனது. கரை சேரும்வரைக்கும் அவர் எந்தப் புத்தகத்திலும் இல்லாத வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே வலித்தார்.

படகுத்துறையில் இறங்கியதும், “இந்தப் பொணத்தை நீங்களே வச்சுக்குங்க” என்று படகை ஒரு உதை விட்டார். அதற்கப்புறம் அவர் எங்கள் படகைக் கேட்கவே இல்லை. போவதற்குள் நான் தள்ளாடிக்கொண்டே ஒரு தாளை நீட்டினேன். ‘உப்பு முழுவதும் என் முன்னிலையில் கடலில் போடப்பட்டது.’ முறைத்தார். ஆனால் அது உண்மை. கையெழுத்துப் போட்டார். முத்திரையை மறுநாள் ஸ்டேஷனில் குத்தி வாங்கிக்கொண்டேன்.

கடல் துரை என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. பேசிய முதல் வார்த்தை, “உன்னை மாத்தச் சொல்லி எழுதிட்டேன்.” எழுதினார்தான். இந்த வேலைக்கு வேறு ஒருவரும் வர மாட்டேன் என்றதால் என்னை அவர் தலையிலேயே கட்டினார்கள்.

டிசம்பர் முடியுமுன் யாழ்ப்பாணத்துக்காரர் கூப்பிட்டார்.

“உப்பு வாங்கினீர், சரி. உப்பு இப்ப எங்க?”

“கடல்லங்க ஐயா.”

நான் மனதுக்குள் மாமனார் வீட்டு வாசற்படியில் ஏறிக்கொண்டிருந்தேன்.

“சாட்சி?”

“போலீஸ் துரை கையெழுத்து இருக்குங்க.”

“முத்திரை?”

“அதுவும் இருக்குங்க.”

“அப்ப சரி” என்றார்.

அப்ப சரி! கடலில் உப்புப் போட்டதைப் பற்றி அவருக்கு ஒரு கேள்வியும் இல்லை. புது வருட ஒதுக்கீடும் வந்தது. இலாகா பிழைத்தது. எஞ்சின் தலைப்பில் ஒன்றும் இல்லை. வேலித் தலைப்பில் ஒன்றும் இல்லை. பதப்படுத்தலுக்கு, போன வருடச் செலவை அனுசரித்து, அதே தொகை. ஒரு சதமும் குறைக்கவில்லை.

தை பிறந்தது. தோட்டத்துக் கோயிலில் பொங்கல் விருந்து. வீட்டுக்கு வீடு அரிசி வைத்துக்கொள்ளக் கூடாத காலம் என்பதால் காவலோடு பொதுக் கொட்டகையில் சமைத்து, எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்துப் போட்டார்கள். மாமனார் என்னைத் தன் பக்கத்திலேயே உட்காரச் சொன்னார். பாசம் என்று நினைத்தேன். இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தோம். முதலில் உப்பு வைக்கத் தட்டோடு ஒருத்தி வந்தாள்.

தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கு முதலில் கால்தான் தெரியும். கணுக்காலிலிருந்து மேலே அட்டை கடித்த இடங்கள், சில காய்ந்து, சில சொறிந்து புண்ணாகி. யார் என்று அண்ணாந்து பார்க்காமலே தெரிந்தது.

மாமனார் இலையில் உப்பு வைத்தாள். என் இலைக்கு முன்னால் நின்றாள்.

“ஒங்களுக்கு எதுக்குங்க?” என்றாள். “ஒங்களுக்குத்தான் கடலே இருக்கே.”

அடுத்த இலைக்குப் போய்விட்டாள். மாமனார் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வயிறு குலுங்கி, இருமி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். வரிசையில் கடைசி இலை வரைக்கும் சங்கதி போய்ச் சேர்ந்து சிரிப்பு திரும்பி வந்தது. எந்தப் பயத்திலும் முந்திக்கொண்டு ஓடும் என் நாக்கு, அன்றைக்கு வாய்க்குள்ளேயே சுருண்டு கிடந்தது.

சோறு வந்தது, சாம்பார் வந்தது. கொட்டகைக்கே உப்பை அளந்துதான் கொடுத்திருந்தார்களாம். சாம்பாரில் உப்பு என்று ஒன்று இல்லை. இலையில் வைத்ததைத் தொட்டுத்தான் அவரவர் சரிக்கட்டிக்கொண்டார்கள். மாமனார் தன் உப்பைக் கையால் மறைத்துக்கொண்டார்.

“சாப்பாடு எப்படி மாப்ளே?”

“அருமை மாமா” என்றேன். சொன்னதற்காக இரண்டாம் முறையும் சோறு வாங்கித் தின்றேன்.